வீட்டுக் கடைக்காலைப் பழுதுபார்க்க ஒப்பந்ததாரரை அமர்த்துவது எப்படி?

வீட்டில் நடக்கும் மற்ற வேலைகளுக்கும் கடைக்கால், அதாவது அஸ்திவார, வேலைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. பூச்சோ, வண்ணமோ, தரைக்கல்லோ சரியில்லை என்றால் சில நாட்களிலேயே கண்ணில் பட்டுவிடும். கடைக்கால் வேலையோ முடிந்த அன்றே மண்ணுக்குள் போய்விடுகிறது. ஒப்பந்ததாரர் இரண்டு மீட்டர் ஆழம் போனாரா, ஒன்றரை மீட்டரோடு நிறுத்திக்கொண்டாரா என்பதைக் குழி மூடிய பின் வீட்டுக்காரர் அறிய வழியில்லை. ஆகவே, நல்ல ஆளாகப் பார்த்து வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழக்கமான முறை இங்கே உதவாது. கோளாறு என்ன, அதை எந்த முறையில் சரிசெய்யப்போகிறார்கள், அப்படியே செய்தார்கள் என்பதற்கு என்ன சான்று ஆகிய மூன்றும் எழுத்தாக உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதற்படி: விரிசலை அளந்து குறித்துவையுங்கள்

எவரையும் அழைப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. சுவரில் தெரியும் எல்லா விரிசலும் கடைக்காலிலிருந்து கிளம்புவதில்லை. பூச்சு உலர்ந்து சுருங்குவதால் படரும் மயிரிழைக் கோடுகளும், கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக இறங்கும் மெல்லிய கோடும் பெரும்பாலும் கடைக்காலோடு தொடர்பற்றவை. சன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்புபவை, செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக ஏறுபவை, சுவரின் உள்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் ஒரே இடத்தில் தெரிபவை, ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருப்பவை ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். மேல்முனை அகன்றிருந்தால் சுவரின் ஓரப்பகுதி இறங்குகிறது என்றும், கீழ்முனை அகன்றிருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். நிலத்தடி அறையின் சுவரில் கிடைமட்டமாக ஓடும் விரிசல் தனி வகை. வெளியிலிருந்து மண்ணும் நீரும் சுவரை உள்நோக்கித் தள்ளுவதால் வருவது அது. அதை ஒத்திப்போடக் கூடாது.

அகலத்தை மதிப்பிட, பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையம் வகுத்த அளவுகோல் பல நாடுகளிலும் பயன்படுகிறது. அதன்படி 1 மி.மீ. வரையுள்ள விரிசல் மிக அற்பமானது, 5 மி.மீ. வரை பெரும்பாலும் தோற்றக் குறைபாடுதான். 5 முதல் 15 மி.மீ. வரை மிதமான பாதிப்பு, 15 முதல் 25 மி.மீ. வரை கடுமையான பாதிப்பு. அதைத் தாண்டினால் கட்டடத்தின் நிலைத்தன்மையே கேள்விக்குரியதாகிறது. ஆனால் இன்றைய அகலத்தைவிட, விரிசல் இன்னும் வளர்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டிவைக்கும் பழைய முறை நகர்வு இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு என்பதைச் சொல்லாது. விரிசலின் இருபுறமும் சிறு ஆணி அறைந்து, ஆணிகளுக்கு இடையிலான தூரத்தை மாதம் ஒருமுறை வெர்னியர் காலிப்பர் என்னும் நுட்பமான அளவுகருவியால் அளந்து தேதியோடு எழுதிவைத்தால் அதுவும் தெரிந்துவிடும். விரிசலின் முனை எங்கே நிற்கிறது என்பதையும் பென்சிலால் குறித்துவிடுங்கள். களிமண் நிலத்தில் ஈரக் காலத்தில் விரிசல் மூடுவதும் வறண்ட காலத்தில் திறப்பதும் உண்டு என்பதால், அவசரம் இல்லாத வீடுகளில் ஓராண்டு அளவுகள் கையில் இருப்பது பெரிய பலம்.

தரை சரிந்திருக்கிறதா என்பதை நீர் நிரப்பிய டியூப் லெவலால் அறைக்கு அறை நீங்களே அளக்கலாம். ஸ்கெம்டன், மெக்டொனால்ட் என்ற இரு பொறியாளர்கள் 1956-இல் பல கட்டடங்களை ஆராய்ந்து முன்வைத்த எல்லைகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன: அடுத்தடுத்த தூண்களுக்கு இடையே 300-இல் 1 பங்கு, அதாவது 3 மீட்டருக்கு 10 மி.மீ. அளவுக்கு இறக்கத்தில் வேறுபாடு வந்தால் சுவர்களில் விரிசல் எதிர்பார்க்கலாம். 150-இல் 1 பங்கு என்றால் கட்டமைப்பே பாதிக்கப்படலாம். ஒரு எச்சரிக்கையும் தேவை. தரை போடும்போதே சரிவாகப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே சுவரின் அடிவரிசைச் செங்கல்லையும் கூரைத் தளத்தின் அடிப்பக்கத்தையும் சேர்த்து அளந்து, மூன்றும் ஒரே திசையில் சரிகின்றனவா என்று பாருங்கள்.

சுவர் சாய்ந்து நிற்கிறது, விரிசல் நாளுக்கு நாள் அகல்கிறது, திறந்து மூடிக்கொண்டிருந்த கதவு திடீரென்று சிக்குகிறது என்றால் இந்த அளவெடுப்பெல்லாம் வேண்டாம். அந்தப் பகுதியிலிருந்து வெளியேறி, தற்காலிக முட்டு கொடுக்க உடனே பொறியாளரை அழைக்க வேண்டும்.

இரண்டாம் படி: காரணத்தைச் சொல்பவர் வேறு, வேலையைச் செய்பவர் வேறு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதையே பின்பற்றுங்கள். இலவசமாக வந்து பார்த்துத் தருகிறோம் என்று சொல்லும் நிறுவனத்திலிருந்து வருபவர் பெரும்பாலும் விற்பனையாளர். தம் நிறுவனம் எந்த முறையில் வேலை செய்கிறதோ, அதே முறைதான் உங்கள் வீட்டுக்கும் தேவை என்ற முடிவுக்கு அவர் வருவதில் வியப்பில்லை. எனவே பழுதுபார்க்கும் வேலையை விற்காத, எந்த ஒப்பந்ததாரரிடமும் தரகு பெறாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அமர்த்துங்கள். அந்தக் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதிதான்.

அவரிடம் நீங்கள் கேட்கவேண்டியது வாய்மொழி ஆலோசனை அன்று, கையெழுத்திட்ட அறிக்கை. இறக்கத்துக்கான காரணம், அது நின்றுவிட்டதா தொடர்கிறதா, சரிசெய்ய எத்தனை வழிகள் உண்டு, அவற்றில் எதை ஏன் பரிந்துரைக்கிறார், எந்தெந்தக் கட்டங்களில் தாம் நேரில் வந்து பார்க்க வேண்டும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஆழமான அடித்தூண்களோ பெரிய அளவிலான அகழ்வோ தேவைப்படும் என்றால் மண் பரிசோதனையை அவரே கேட்பார். துளையிட்டு மாதிரி எடுத்தல், குறிப்பிட்ட எடையைத் தட்டி மண்ணின் உறுதியை அறியும் ஊடுருவல் சோதனை, களிமண்ணின் விரிந்து சுருங்கும் தன்மையைக் காட்டும் ஆய்வகச் சோதனை ஆகியவை அதில் அடங்கும். கெட்டியான அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது தெரியாமல் ஒப்பந்ததாரர் சொல்லும் விலை, தோராயமான விலைதான்.

காரணம் என்று வரும்போது பெரும்பாலும் தண்ணீரிடம்தான் போய் நிற்போம். சுவரடியில் கசியும் குழாய் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. கூரைநீர் சுவரோரத்திலேயே கொட்டி ஒரு பக்க மண்ணை மட்டும் ஊறவைக்கிறது. கரிசல் போன்ற களிமண் ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்குகிறது. திமிசுக் கட்டையால் இடித்துச் சரியாக இறுக்காத நிரப்பு மண்மேல் கட்டியதும், பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டியதும், அருகிலுள்ள பெரிய மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதும் மற்றக் காரணங்கள். மரம்தான் காரணம் என்று தெரிந்தவுடன் வெட்டிவிடத் தோன்றும். பொறியாளரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். களிமண் நிலத்தில் நெடுநாள் நின்ற மரத்தை அகற்றினால், வறண்டு கிடந்த மண் மீண்டும் ஈரம் ஏறி உப்பி, இறங்கிய வீட்டை இப்போது மேல்நோக்கித் தள்ளத் தொடங்கலாம்.

கசிவை அடைத்து, கூரைநீரைக் குழாய் வைத்துத் தள்ளிவிட்டு, சுவரிலிருந்து முதல் 3 மீட்டர் தூரத்துக்கு நிலம் 15 செ.மீ. அளவு வெளிப்புறமாகச் சரியும்படி மண்ணைச் சீர்செய்த பிறகு இறக்கம் நின்றுவிடும் வீடுகளும் உண்டு. அப்படியானால் கடைக்கால் ஒப்பந்ததாரரே தேவையில்லை. விற்பனைக்கு வருபவர் இதைச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாம் படி: முறைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒப்பந்ததாரர் பேசும் சொற்கள் புரியாவிட்டால் விலைகளை ஒப்பிட முடியாது. மிகப் பழைய முறை, இருக்கும் கடைக்காலுக்கு அடியில் பகுதி பகுதியாகத் தோண்டி, இன்னும் ஆழத்தில் புதுக் கான்கிரீட் அடித்தளம் அமைப்பது. ஒவ்வொரு பகுதியும் சுமார் ஒரு மீட்டர் முதல் 1.4 மீட்டர் நீளம் இருக்கும். அடுத்தடுத்த இரு பகுதிகளை ஒரே நேரத்தில் தோண்டவே கூடாது. எந்தப் பகுதி முதலில், எது அடுத்து என்ற வரிசை எண் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். புதுக் கான்கிரீட் சற்றே சுருங்கும் என்பதால், அதற்கும் பழைய கடைக்காலுக்கும் இடையே சுமார் 75 மி.மீ. இடைவெளி விட்டு, பின்னர் அதில் ஈரம் குறைந்த கெட்டிச் சாந்தை இறுக்கித் திணிப்பார்கள். இந்தத் திணிப்பு ஒழுங்காக நடக்காவிட்டால் புது அடித்தளம் சுமையை ஏற்காமல் சும்மா நிற்கும், வீடு மறுபடி இறங்கும்.

மேல்மண் ஆழம்வரை பலவீனமாக இருந்தால் இரும்புக் குழாய்களை நீரியல் அழுத்தத்தால் கெட்டி அடுக்குவரை இறக்குவது, திருகுத் தகடு பொருத்திய இரும்புத் தூண்களைச் சுழற்றி இறக்குவது, சிறு விட்டத் துளையிட்டுக் கம்பியும் சாந்தும் நிரப்புவது ஆகியவற்றில் ஒன்றைத் தேர்வு செய்வார்கள். முதல் முறையில் குழாயை அழுத்துவதற்கு வீட்டின் எடையே எதிர்விசையாகப் பயன்படுகிறது. எடை குறைந்த ஒற்றைத்தள வீட்டில் அந்த எடை போதாமல், குழாய் கெட்டி அடுக்கை அடையும் முன்பே நின்றுவிடக்கூடும். உங்கள் வீடு இலேசானது என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

கான்கிரீட் தரைத்தளத்தின் அடியில் சாந்தையோ, விரியும் நுரையையோ செலுத்தித் தூக்கும் முறை, தாழ்ந்துபோன தரைக்குப் பொருந்தும்; ஆழத்து மண் இறங்குவதை அது நிறுத்தாது. எபாக்சி என்னும் ஒட்டும் பிசினைச் செலுத்துவது விரிசலை ஒட்டும், அவ்வளவே. இந்த இரண்டையும் முழுத் தீர்வாக எவரேனும் விற்றால், உங்கள் பொறியாளரிடம் பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: ஒப்பந்ததாரரைத் தேடுவதும் விலைப்புள்ளி பெறுவதும்

குறைந்தது மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேளுங்கள். மூவருக்கும் பொறியாளரின் ஒரே அறிக்கையையும் ஒரே வரைபடத்தையும் கொடுங்கள். ஒருவர் எட்டுத் தூண்கள் என்றும் இன்னொருவர் பதினான்கு என்றும் தம் விருப்பப்படி சொன்னால் அவற்றை ஒப்பிட முடியாது. வேறு முறை சிறந்தது என்று ஒப்பந்ததாரர் கருதினால் அதைத் தனி விலைப்புள்ளியாகத் தரச் சொல்லி, பொறியாளரின் பார்வைக்கு அனுப்புங்கள். அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் சொல்லும் மாற்று சில நேரம் பொறியாளர் எழுதியதைவிட எளிதாகவே இருக்கும்.

கட்டுமானத்தில் பல்லாண்டு அனுபவம் என்பது கடைக்கால் பழுதுபார்த்த அனுபவம் ஆகாது. புது வீடு கட்டுவதில் கைதேர்ந்த மேஸ்திரிகூட, ஆட்கள் குடியிருக்கும் வீட்டின் அடியில் தோண்டிய பழக்கம் இல்லாதவராக இருக்கலாம். அதே முறையில் சில ஆண்டுகளுக்கு முன் முடித்த வேலைகளின் முகவரிகளைக் கேட்டு, அந்த வீட்டுக்காரர்களிடம் நேரில் பேசுங்கள். போன மாதம் முடித்த வேலை எதையும் நிரூபிக்காது. சில மழைக்காலங்களும் வறட்சிகளும் கடந்த வேலைதான் சொல்லும். அவர்களிடம் கேட்க வேண்டியவை: விரிசல் திரும்பியதா, இறுதித் தொகை முதலில் சொன்னதைவிட எவ்வளவு ஏறியது, குறை சொன்னபோது வந்து பார்த்தார்களா.

உரிமம் தேவைப்படும் இடங்களில் அது நடப்பில் உள்ளதா என்பதை வழங்கிய அலுவலகத்திலேயே சரிபாருங்கள். தொழிலாளர் விபத்துக் காப்பீடும், அண்டை வீட்டாரின் சொத்துக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடும் இருக்கின்றனவா என்று கேட்டு நகல் வாங்குங்கள். வேலையைச் செய்யப்போவது அவருடைய ஆட்களா, துணை ஒப்பந்ததாரரின் ஆட்களா என்பதும் இப்போதே தெரிந்துவிட வேண்டும். இன்றே கையெழுத்திட்டால் தள்ளுபடி என்பவரையும், வீடு இந்த வாரமே விழுந்துவிடும் என்று அச்சுறுத்திக் கையெழுத்துக் கேட்பவரையும், முழுத் தொகையையும் ரொக்கமாக முன்கூட்டியே கேட்பவரையும் அனுப்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஒப்பந்தம்

பொறியாளரின் வரைபடம் ஒப்பந்தத்தின் இணைப்பாக இருக்க வேண்டும். 'கடைக்காலைச் சரிசெய்து தருதல்' என்ற ஒற்றை வரி எதையும் கட்டுப்படுத்தாது. எத்தனை இடங்களில், எந்தெந்த இடங்களில், எந்த விட்டத்தில், எந்தத் தரக் கான்கிரீட், எவ்வளவு கம்பி என்று எழுதப்பட வேண்டும். தகராறுகள் எழுவது பெரும்பாலும் ஆழத்தைப் பற்றியே. இரும்புத் தூண்களை இவ்வளவு ஆழம் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த அழுத்தம் அல்லது எந்த முறுக்குவிசை வரும்வரை இறக்க வேண்டும் என்பதைப் பொறியாளர் குறிப்பிடுவார். ஆகவே விலையில் அடங்கும் ஆழம் எவ்வளவு, அதைத் தாண்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் கூடுதல் தொகை என்ன, குறைந்தால் எவ்வளவு கழிக்கப்படும் ஆகிய மூன்றும் எண்ணாக இருக்கட்டும். குறைந்தால் கழிக்கும் விதியை ஒப்பந்ததாரர்கள் தாமாக எழுதுவதில்லை.

வீட்டைத் தூக்கி மட்டம் சேர்ப்பதாக இருந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். பழைய மட்டத்துக்கு முழுவதும் கொண்டுவரவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது பலநேரம் தவறு. பல ஆண்டுகளாக இறங்கிய நிலையிலேயே பழகிவிட்ட சுவரும் குழாய்களும், முழுமையாகத் தூக்கும்போது புதிதாக உடையும். மேலும் இறங்காமல் நிறுத்துவதே பல வீடுகளுக்குப் போதுமான இலக்கு.

தோண்டுவதற்காக உடைக்கும் தரைக்கல், நடைபாதை, தோட்டம், வடிகால் ஆகியவற்றைத் திரும்ப அமைப்பது யார் பொறுப்பு, சுவர்ப் பூச்சும் வண்ணமும் விலையில் அடங்குமா, தோண்டிய மண்ணை யார் அகற்றுவார், உள்ளாட்சி அமைப்பின் அனுமதியை யார் பெறுவார் என்பவையும் எழுத்தில் வர வேண்டும். பொதுச் சுவரையோ எல்லையையோ ஒட்டித் தோண்டுவதாக இருந்தால் பக்கத்து வீட்டாருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, அவர்கள் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை அவர்கள் முன்னிலையிலேயே படமெடுத்துவிடுங்கள். கூடுதல் வேலை எதுவானாலும் இருவரும் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் தொடங்கக் கூடாது.

முன்பணம் மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதத்துக்கு மேல் போகாதிருப்பது நல்லது. எஞ்சிய தொகையை நாள்கணக்கில் கொடுக்காமல், பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட கட்டங்களோடு இணையுங்கள். 5 முதல் 10 சதவீதத்தைச் சில மாதங்கள் நிறுத்திவைக்கும் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உத்தரவாதத்தை வரிவரியாகப் படியுங்கள். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்பது பதித்த இரும்புத் தூணுக்கு மட்டுமா, வீடு மீண்டும் இறங்காது என்பதற்கா? இரண்டும் வேறு. மீண்டும் இறங்கினால் பொருளை மட்டும் தருவாரா, கூலியும் அவருடையதா? தூண் பதிக்காத பகுதி இறங்கினால் என்ன? வீட்டை விற்றால் வாங்குபவருக்கு அது மாறுமா? நிறுவனம் மூடப்பட்டால் உத்தரவாதத்தின் பின்னால் நிற்பது யார்? உங்கள் வீட்டுக் காப்பீட்டிலும் நில இறக்கம் அடங்குகிறதா, விலக்கப்பட்டிருக்கிறதா என்பதை வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: வேலை நடக்கும்போது

தோண்டும் முன் நிலத்தடியில் ஓடும் மின்கம்பி, எரிவாயு, குடிநீர், கழிவுநீர்க் குழாய்களைக் கண்டறிந்து தரையில் குறிக்க வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் பலகையும் முட்டும் இல்லாமல் ஆளை இறக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பதும் ஆபத்து. மழைநீர் குழிக்குள் இறங்கினால் இறைத்துவிட்டு, சேறான அடிமண்ணை வழித்தெடுத்த பிறகே கான்கிரீட் போட வேண்டும்.

ஒவ்வொரு குழியையும் மூடும் முன் அதற்குள் அளவு நாடாவைத் தொங்கவிட்டு, ஆழம் தெரியும்படி படமெடுங்கள். குழியின் எண்ணை ஒரு அட்டையில் எழுதிப் படத்தில் தெரியுமாறு வையுங்கள். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடும் முன்பும், கெட்டிச் சாந்து திணிக்கும்போதும் பொறியாளர் வந்து பார்த்தாக வேண்டும். இறக்கப்படும் ஒவ்வொரு தூணுக்கும் ஆழமும் இறுதி அழுத்தமும் எழுதிய பதிவேட்டை அன்றைய மாலையே நகல் கேளுங்கள். வேலை முடிந்த பின் மொத்தமாக எழுதித் தரும் பதிவேட்டில் எல்லாத் தூணும் ஒரே ஆழத்தில் இருக்கும். கான்கிரீட்டை ஏழு நாட்களாவது நீரூற்றி ஈரமாக வைத்திருப்பது வழக்கம். அதன் முழு வலிமை 28 நாள் கணக்கில்தான் மதிப்பிடப்படுகிறது, அதற்குள் அவசரப்பட்டுச் சுமை ஏற்றச் சொல்லாதீர்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்கும் நாளில் வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது. எல்லா ஜாக்கிகளும் சிறுசிறு அளவாக, சேர்ந்து உயர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும்.

ஏழாம் படி: முடிந்த பின்

குழிகளை மூடும்போது மண்ணை 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு போட்டு இறுக்கச் சொல்லுங்கள். மொத்தமாகத் தள்ளிய மண் அடுத்த மழையில் அமிழ்ந்து, தண்ணீரைச் சுவரடியிலேயே தேக்கும். வீட்டைத் தூக்கியிருந்தால் குடிநீர், கழிவுநீர்க் குழாய்களை அழுத்தச் சோதனை செய்தாக வேண்டும், ஏனெனில் தூக்கும்போது விரிசல் விட்ட குழாய் சத்தமில்லாமல் அதே கோளாறை மறுபடி தொடங்கிவைக்கும். உண்மையில் அமைக்கப்பட்டபடியான வரைபடம், தூண் பதிவேடு, படங்கள், கான்கிரீட் சோதனை முடிவுகள், அனுமதி நிறைவுச் சான்று, பொறியாளரின் இறுதிக் கடிதம், உத்தரவாதப் பத்திரம் ஆகியவை கைக்கு வந்த பின்பே கடைசித் தவணையைக் கொடுங்கள். ஒப்பந்ததாரர் பொருள் வாங்கிய கடைகளுக்கும் ஆட்களுக்கும் பணம் கொடுத்துவிட்டதற்கான கடிதமும் வாங்கிவிட்டால், அவர்கள் பின்னர் உங்கள் வாசலில் வந்து நிற்கும் தொல்லை இராது.

சுவர் விரிசல்களை உடனே பூசி வண்ணம் அடித்துவிடாமல் சில மாதங்கள் விட்டுவையுங்கள். ஆணிகள் அப்படியே இருக்கட்டும். நிறுத்திவைத்த தொகையை விடுவிக்கும் தேதிக்கு முன் அதே இடங்களில் டியூப் லெவலால் தரையை மீண்டும் அளந்து, ஆணிகளுக்கு இடையிலான தூரத்தையும் பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு ஏதும் இருந்தால் அதை எழுத்தில் ஒப்பந்ததாரருக்கும் பொறியாளருக்கும் ஒரே நாளில் அனுப்பிவையுங்கள்.